நம்ம பேச்சு அந்தப் பக்கம் எப்படிக் கேட்கிறது? கம்ப்யூட்டரில் இருந்து பேசத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில். இரண்டு பக்கமும் விசைத்தறி. பிறந்ததில் இருந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் எனக்கு அது காதில் விழுவதே இல்லை, தறி நின்றால்தான் ‘என்ன, கரண்ட் போயிடுச்சா’ என்று தலையைத் தூக்குவேன். ஜெர்மனிக்குப் போன தங்கச்சியோடு முதல் தடவை கம்ப்யூட்டரில் பேசியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “ஏண்ணா, ரயில்வே ஸ்டேஷன்ல நின்னுகிட்டா பேசற?” எனக்கோ அவள் அடுத்த அறையில் இருந்து பேசுவது போல் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. சரி, நமக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது, அவளுக்குத்தான் ஏதோ கோளாறு என்று அரை மணி நேரம் பேசித் தள்ளினேன். பாதி புரியாமலே ‘ம்’ கொட்டியிருக்கிறாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். உங்கள் காதில் விழுவது எதிராளியின் மைக், எதிராளி வீட்டு நெட். உங்கள் மைக்கும் உங்கள் நெட்டும் என்ன லட்சணத்தில் இருக்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும், அவரும் மரியாதை பார்த்துக்கொண்டு சொல்லமாட்டார். அதனால் இங்கே சொல்லப்போகிற ஒவ்வொன்றையும் ‘எனக்கு எப்படிக் கேட்கிறது’ என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, ‘அவருக்கு எப்படிக் கேட்கும்’ என்று யோசித்தபடி செய்து பாருங்கள்.

கையில் போன் இருக்கும்போது கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். போன் ஒரு மணி நேரத்தில் சூடாகும், கை வலிக்கும், காது மந்தமான பெரியவர்களுக்கு அந்தச் சின்ன ஸ்பீக்கர் போதாது. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்திச் சும்மா இருக்கிறது என்றால் அதைத் தட்டி எழுப்பினால் போதும். பேச்சுக்குப் பெரிய மிஷின் வேண்டியதில்லை.

முதலில் மைக்

லேப்டாப்பில் மைக் உள்ளேயே இருக்கும். மேசைக் கம்ப்யூட்டரில் அநேகமாக இருக்காது, நிறையப் பேர் அதுவே தெரியாமல் திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். வெப்கேம் மாட்டியிருந்தால் அதற்குள் ஒரு மைக் இருக்கலாம். ஆனால் அது முகத்தில் இருந்து இரண்டடி தள்ளி இருக்கும், உங்கள் பேச்சோடு ஃபேன், குக்கர் விசில், தெருவில் போகும் கீரைக்காரர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். என் யோசனை, மைக்கோடு சேர்ந்த ஹெட்செட் ஒன்று வாங்குங்கள், யுஎஸ்பியில் சொருகுவதாக வாங்குங்கள். விலை கூடினால்தான் நல்லது என்று கிடையாது, மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதுதான் விஷயம்.

யுஎஸ்பி வேண்டாம், உருண்டை முனை ஹெட்செட் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அந்த முனையை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போனுக்கு வந்த ஹெட்செட்டில் மூன்று கோடுகள் ஓடும், கேட்பதும் பேசுவதும் ஒரே முனையில். பழைய மேசைக் கம்ப்யூட்டரில் இரண்டு துளைகள் தனித்தனி: பச்சை கேட்பதற்கு, ரோஸ் மைக்குக்கு. மூன்று கோட்டு முனையைப் பச்சையில் சொருகினால் பாட்டெல்லாம் ஜோராகக் கேட்கும், பேசினால் ஒரு சொல் போகாது. இதற்கு, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஒயர் ஒன்று கடையில் கிடைக்கும், ‘ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரில் மாட்ட, மைக் தனி ஸ்பீக்கர் தனி’ என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கிற ஒயரைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெட்டியின் முன்பக்கத் துளை வேலை செய்யவில்லையா, பின்பக்கத்தில் சொருகிப் பாருங்கள். முன்பக்க ஒயரை உள்ளே இணைக்காமலே பெட்டியை மூடிக் கொடுத்த கம்ப்யூட்டர்களை நானே திறந்து பார்த்திருக்கிறேன்.

ப்ளூடூத் ஹெட்போன் பற்றி ஒரு வார்த்தை. பாட்டு அவ்வளவு இனிமையாகக் கேட்ட அதே சாதனம், பேச ஆரம்பித்ததும் பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடும். கேட்பதும் பேசுவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும் என்பதால் அது தரம் குறைந்த வேறொரு முறைக்கு மாறிக்கொள்கிறது. கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறியாதீர்கள், பேச்சுக்கு ஒயர் ஹெட்செட், பாட்டுக்கு அது.

சொருகியாயிற்று. விண்டோஸ் பொத்தானையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், அதற்குள் சவுண்ட். இன்புட் என்ற இடத்தில் உங்கள் ஹெட்செட்டின் பெயர் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள், வெப்கேமின் பெயர் இருந்தால் மாற்றுங்கள். பேசினால் பக்கத்தில் உள்ள கோடு ஏறி இறங்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் அதே செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் மைக்ரோபோன் என்பதைத் திறங்கள், செயலிகள் மைக்கைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி அணைந்து கிடக்கும். அப்புறம் ஒயரிலேயே ஒரு சின்ன மியூட் பொத்தான் இருக்கும், அதையும் பாருங்கள். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அந்தப் பொத்தானுக்குக் காவு கொடுத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமானது. யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் விண்டோஸிலேயே உள்ள ரெக்கார்டரைத் திறந்து ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். நாளிதழில் ஒரு பத்தியை வாசித்தால் போதும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ‘ப’வும் ‘ட’வும் புஸ் புஸ் என்று வெடிக்கிறதா, மைக் வாய்க்கு நேரே இருக்கிறது, மூச்சு நேராக அடிக்கிறது, வாயோரத்துக்குத் தள்ளி இரண்டு விரற்கடை தூரத்தில் வையுங்கள். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் இருந்தால் வேறொரு மைக் தேர்வாகியிருக்கிறது. கரகரவென்று இருந்தால் இன்புட் அளவை 100-ல் இருந்து 70, 80-க்கு இறக்குங்கள். என் முதல் பதிவைக் கேட்டபோதுதான் தறிச் சத்தம் எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது. முப்பது வருடம் அதற்குள் வாழ்ந்தவன், அன்றுதான் கேட்டேன்.

எதில் பேசுவது

உங்கள் ஆட்கள் எதில் இருக்கிறார்களோ அதில்தான், இதில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நம்மூரில் முக்கால்வாசிப் பேருக்கு அது வாட்ஸ்அப். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்து செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், கண்ட தளத்தில் இருந்து வேண்டாம். அதைத் திறந்தால் திரையில் ஒரு கட்டம் கட்டமான படம் வரும். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, லிங்க்டு டிவைசஸ் போய், அந்தப் படத்தை ஸ்கேன் செய்தால் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் போன் அணைந்திருந்தாலும் கம்ப்யூட்டரில் பேசலாம், ஆனால் 14 நாட்களுக்கு மேல் போனில் வாட்ஸ்அப்பைத் தொடாமல் விட்டால் இணைப்பு தானாக அறுந்துவிடும்.

எதிராளியிடம் வாட்ஸ்அப் இல்லை, புதிதாக எதையும் இறக்கவும் மாட்டேன் என்கிறார் என்றால் கூகுள் மீட். பிரவுசரில் ஒரு லிங்க் உருவாக்கி அனுப்பினால் போதும். மூன்று பேரும் அதற்கு மேலும் சேர்ந்தால் இலவசக் கணக்கில் ஒரு மணி நேரத்தில் துண்டித்துவிடும், இரண்டு பேர் மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம். துபாய், அபுதாபியில் இருப்பவர்களை வாட்ஸ்அப்பில் அழைத்தால் மணி அடிக்கும், பேச்சு வராது. அங்கே அந்த அழைப்புக்குத் தடை. அந்த நாட்டில் அனுமதி பெற்ற போட்டிம் மாதிரி செயலிகளைத்தான் பயன்படுத்த வேண்டும், எதில் வருவீர்கள் என்று அவர்களையே கேட்டுவிடுங்கள்.

ஸ்கைப்பைத் தேடாதீர்கள். 2003-ல் வந்து, ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் வரிசையில் நின்று பேச வைத்த அந்த ஸ்கைப்பை 2025 மே 5-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். இன்னும் ‘ஸ்கைப் இறக்க இங்கே அழுத்துங்கள்’ என்று எங்காவது வந்தால் அது வேறு யாரோ விரிக்கும் வலை.

நம் நாட்டில் இணையவழிப் பேச்சுக்கு அனுமதி வந்ததே 2002 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். முட்டாள்கள் தினத்தில் வந்தாலும் நிஜமான அனுமதி. அதுவும் அப்போது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பேசலாம், கம்ப்யூட்டரில் இருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், நம் நாட்டுக்குள் உள்ள போனுக்கு மட்டும் கூடாது.

நெட்டைப் பற்றி

“நூறு எம்பி பிளான் போட்டும் பேச்சு விட்டு விட்டு வருதே” என்பதுதான் நான் அதிகமாகக் கேட்கும் புலம்பல். பிளானில் சொல்லும் நூறு எம்பி, நொடிக்கு நூறு மெகாபிட் என்ற வேகம். பேச்சுக்கு அவ்வளவு எதற்கு? ஒரு வழிக்கு நொடிக்கு 50 கிலோபிட் என்று கணக்கு வைத்தால்கூட இரண்டு வழிக்கும் சேர்த்து ஒரு மணி நேரப் பேச்சுக்கு 45 மெகாபைட் டேட்டாதான் ஆகும். வீடியோவைப் போட்டால் அது வேறு கதை.

பேச்சு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் குரலை நொடிக்கு சுமார் ஐம்பது துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது செயலி. அங்கே அது அதே இடைவெளியில் வந்து சேர வேண்டும். சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று ஒழுங்காக அனுப்புகிறீர்கள், மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, எங்காவது ஒரு லாரி முக்கிக்கொண்டு ஏறுகிறது, மேலே போய்ப் பார்த்தால் நாலு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக மொத்தமாக வந்து நிற்கும். பேச்சில் அப்படிப் பிந்தி வரும் பொட்டலத்துக்காகக் காத்திருக்க முடியாது, செயலி அதை விட்டுவிட்டு மேலே போய்விடும். காதில் விழும் ஓட்டை அதுதான். பாதை அகலமாக இருப்பதைவிட வண்டிகள் சீராக ஏறுவதுதான் வேண்டும்.

சீராகப் போகிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ஆங்கிலத்தில் சிஎம்டி (cmd) என்ற மூன்று எழுத்தை அடித்து என்டர் தட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் ஆங்கிலத்தில் பிங் (ping) என்று அடித்து, இடைவெளி விட்டு 192.168.1.1 என்று அடியுங்கள். அது பெரும்பாலான வீடுகளில் ரூட்டரின் எண், வேறாக இருந்தால் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். மறுபடி இடைவெளி, ஒரு சிறு கோடு, கோட்டோடு ஒட்டி டி (t) எழுத்து, என்டர். வரிசையாக மில்லி செகண்ட் கணக்கு ஓடும். இரண்டு, மூன்று, இரண்டு என்று ஓடினால் நல்லது. இரண்டு, எண்பது, ஐந்து, இருநூறு என்று குதித்தால் கோளாறு உங்கள் வீட்டு வைஃபையில், கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. கன்ட்ரோலையும் சியையும் சேர்த்து அழுத்தி நிறுத்திவிட்டு, அதே போல வீட்டுக்கு வெளியே கூகுளிடம் உள்ள 8.8.8.8 என்ற எண்ணுக்குச் செய்து பாருங்கள். ரூட்டர் வரைக்கும் சீராக இருந்து இதில் மட்டும் குதித்தால் அப்போது கம்பெனிக்காரரைக் கூப்பிடலாம்.

வைஃபைதான் காரணம் என்றால் மருந்து ஒன்றுதான், ரூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் ஒயர். வீட்டில் ஒயர் ஓடுவது அழகாக இருக்காது என்பார்கள். இருக்காதுதான். இன்னொன்று, உங்கள் குரல் போவது அப்லோட் பாதையில். அந்த நேரத்தில் யாராவது போனில் இருந்து கல்யாண வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தால் உங்களுக்கு எல்லாம் நன்றாகக் கேட்கும், அந்தப் பக்கம் உங்கள் பேச்சு மட்டும் நொறுங்கும். மறுபடியும் அதே கதைதான்.

எதிரொலி யாருடைய தப்பு

நீங்கள் பேசியது உங்களுக்கே கொஞ்சம் பிந்தித் திரும்பக் கேட்கிறது. உடனே நம் ஹெட்செட்டைக் கழற்றி ஊதிப் பார்ப்போம். தப்பு உங்களிடம் இல்லை. அவருடைய ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அவருடைய மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அவரை ஹெட்செட் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அதே கணக்கில், அவர் “எம்பேச்சு எனக்கே கேக்குதே” என்றால் அடக்க வேண்டியது உங்கள் ஸ்பீக்கரை.

கூட்டமாகப் பேசும்போது பேசாத ஆள் மியூட்டில் இருப்பது நல்ல பழக்கம். அதற்குக் கூகுள் மீட்டில் கன்ட்ரோலும் டியும் (D), ஜூமில் ஆல்ட்டும் ஏயும் (A). மைக் வாயோரத்தில் இருக்கிறது என்பதை மறந்து என் மச்சான் ஒரு நாள் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், நான்கு நாட்டில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் யாரோ ஓட்டுக்கூரை மேல் நடப்பது போல் கேட்டது.

ஆயாவின் தாலாட்டு

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ஏற்காட்டில், நாகலூர் பக்கம் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்ததும் அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து, ஹெட்செட் மாட்டிக் கொடுத்தேன். பேச்செல்லாம் நன்றாகப் போனது. ஆயா தாலாட்டுப் பாட ஆரம்பித்தார். ‘ஆராரோ’ என்று இழுத்த இடத்தில் அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. மறுபடி ‘கண்ணே’ என்றதும் கேட்டது, அடுத்த இழுப்பில் திரும்பவும் அடங்கிவிட்டது. “ஏங்கண்ணு, எம்பாட்டு அந்தப் பொட்டிக்குப் புடிக்கலையா?” என்றார் ஆயா.

பிடிக்கவில்லைதான். ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக நீளும் ஓசையைச் சத்தம் என்று எண்ணி வெட்டிவிடும் வேலையை இந்தச் செயலிகள் தாமாகவே செய்கின்றன. பேச்சில் ஏற்ற இறக்கமும் இடைவெளியும் இருக்கும், அதனால் தப்பிக்கும். நீட்டி இழுக்கிற பாட்டு மாட்டிக்கொள்ளும். ஜூமில் இதற்கு வழி இருக்கிறது, செட்டிங்ஸில் ஆடியோ போனால் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று ஒன்று வரும், அதை இயக்கிவிட்டு, பேச்சின் நடுவே திரையின் மேல்மூலையில் உள்ள அதே பெயர்ப் பொத்தானையும் இயக்க வேண்டும். அதைப் போட்டபின் ஆராரோ முழுசாகப் போனது. கூடவே சேவல் கூவியதும் போனது, அது வேறு. தறிச் சத்தத்துக்கு இந்த வெட்டல் எவ்வளவு உதவும் என்றால் அரைகுறைதான். தறி ஒரே சீராக இரையாது, தட்டித் தட்டி அடிக்கும். அதற்கு ஜன்னலைச் சாத்துவதும் மைக்கை வாய்க்குப் பக்கம் கொண்டுவருவதும்தான்.

மலையில் இருப்பவர்களுக்கு

மேலே எல்லா இடத்துக்கும் ஃபைபர் வந்திருக்காது, போன் டேட்டாதான் கதி. வீட்டுக்குள் ஒரு கோடு, திண்ணையில் மூன்று கோடு என்று சிக்னல் இருக்கும். கம்ப்யூட்டரைத் திண்ணைக்குத் தூக்கிப் போக வேண்டாம். சிக்னல் நன்றாக வரும் ஜன்னலில் போனை வைத்து, நீளமான யுஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். ஹாட்ஸ்பாட் வைஃபையைவிடச் சீராக இருக்கும், போனும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். போனில் சிக்னல் ஒரு கோடுதான் என்றால் வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுங்கள், முகம் பார்க்க ஆசைதான், ஆனால் ஆயா சொல்வது காதில் விழட்டும் முதலில்.

மழையில் இடி இடித்தால் எல்லா ஒயரையும் பிடுங்கிவிடுங்கள், ரூட்டருக்கு வரும் ஒயரையும் சேர்த்து.

அப்புறம் கரண்ட். பழைய லேண்ட்லைன் கரண்ட் போனாலும் வேலை செய்யும், அதற்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சில் இருந்தே செம்புக் கம்பி வழியாக வந்தது. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் வெளிச்சம் வரும், கரண்ட் வராது. ஆகவே ஃபைபரோடு தரும் லேண்ட்லைனும் சரி, கம்ப்யூட்டர் பேச்சும் சரி, ரூட்டர் அணைந்தால் அதோடு போச்சு. ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, பெரும்பாலான ரூட்டர்களுக்கு 12 வோல்ட், அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எது எப்படியானாலும் 108-க்கும் 112-க்கும் இந்தச் செயலிகளில் இருந்து அழைக்க முடியாது. பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் சாதாரண போன் ஒன்று சார்ஜோடு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆயாவிடம் நான் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தது இது. தெரியாத எண்ணில் இருந்து கூப்பிட்டு, போலீஸ் என்றோ சிபிஐ என்றோ சொல்லி, ‘உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகரக்கூடாது’ என்று மிரட்டினால் அப்படியே துண்டித்துவிடுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டது என்றால் நேரம் கடத்தாமல் 1930-க்கு போன் செய்யுங்கள். திரையைப் பகிரச் சொல்லும் யாருக்கும், பேங்க் ஆள் என்று சொன்னாலும், பகிராதீர்கள்.

கடைசியாக நேரம். ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள். சிங்கப்பூரில் இந்தத் தொல்லை இல்லை, எப்போதும் இரண்டரை மணி நேரம் முன்னால். இது தெரியாமல் ஆயா ஒரு நவம்பர் மாதம் முழுக்க இங்கே காலை பத்து மணிக்கே தலைவாரிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அங்கே மணி ஐந்தரை, குழந்தை அப்போதுதான் தூங்கியிருக்கும். இப்போது பதினோரு மணிக்கு உட்காருகிறார்.